நாத்தும் மாத்தும் – வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து வர்ற நம்ம பத்திரிகையோட போன இதழ்ல ஒரே பக்கத்துல மேல தக்காளி நாத்து நடுறது பத்தியும் கீழ உறுப்பு தானம் பத்தியும் போட்டிருந்தோம், இடம் பத்தலைங்கிறதுதான் காரணம், வேற உள்நோக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா வந்த லெட்டர், வாய்ஸ் நோட்டு எல்லாமே ரெண்டையும் கலந்து கட்டி வந்திருக்கு. தோட்டம் தனியா ஆஸ்பத்திரி தனியா பிரிச்சு அடுக்கப் பார்த்தேன், அடங்கல, வந்த வரிசையிலயே பதில் போட்டுட்டேன்.

கே: அக்கா, பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். நாத்து நடுறதுக்கும் ட்ரான்ஸ்பிளான்ட்னுதான் பேரு, கிட்னி மாத்துறதுக்கும் அதே பேரு. ரெண்டும் ஒண்ணா வேறயா? டீச்சர் ரெண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்காங்க. – ப.வே., ஃபீனிக்ஸ்

உசுரோட இருக்கிற ஒண்ணை இருந்த இடத்துல இருந்து எடுத்து, அது சாகுறதுக்குள்ள இன்னொரு இடத்துல வச்சு, அங்க அது தானா பிழைக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறது, இந்த அளவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முதல்ல செடிக்குத்தான் அந்த பேரு இருந்துச்சு, டாக்டருங்க பின்னாடி வந்து எடுத்துக்கிட்டாங்க. ஆனா உள்ள போய்ப் பாத்தா வேலை ஒண்ணு கிடையாது. நாத்துல முழுச் செடியும் வேரு தண்டு இலையோட இடம் மாறுது, யார்கிட்டயும் எதையும் எடுக்கல, யாருக்கும் எதையும் குடுக்கல. கிட்னியில ஒரு உடம்போட ஒரு பாகம் மட்டும் இன்னொரு உடம்புக்குப் போகுது, அந்த ரெண்டு உடம்பும் ஒத்துப் போகணும். டாக்டர் செய்றதுக்குத் தோட்டத்துல ஜோடி தேடணும்னா அது நாத்து இல்ல, மாங்கன்னுல ஒட்டுக் கட்டுறமே அதுதான். பையனை இதை எழுதச் சொல்லுங்க, மத்த பசங்க யாரும் எழுதியிருக்க மாட்டாங்க.

ரெண்டுக்கும் நெசமாவே பொதுவா இருக்கிறது நேரம். பறிச்ச நாத்து வெயில்ல கிடந்தா கொஞ்ச நேரத்துல துவண்டுரும், ஈரச் சாக்குல சுத்தி நிழல்ல வச்சா தாங்கும். உறுப்பையும் அப்படித்தான் குளுமையான திரவத்துல போட்டு ஐஸ் பெட்டியில கொண்டு போறாங்க. இதயம்னா சுமார் 4 மணி நேரம், கிட்னி ஒரு நாளைக்கு மேலயும் தாங்கும், அதனாலதான் இதயத்துக்கு ஹெலிகாப்டர் பறக்குது, கிட்னி கொஞ்சம் நிதானமாப் போகுது.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நாத்தைப் பறிக்கும்போது வேர்முடி அறுந்து போகுது இல்லையா, இதயத்தை எடுக்கும்போது அதுக்குப் போற நரம்பும் அறுந்துதான் போகும். ரத்தக் குழாயைத் தைப்பாங்க, நரம்பைத் தைக்கிறதில்லை. ஆனாலும் இதயம் துடிக்கும், ஏன்னா துடிக்கச் சொல்ற இடம் இதயத்துக்குள்ளயே இருக்கு. என்ன ஒண்ணு, மாத்தின இதயம் சும்மா உக்காந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 90, 100னு கொஞ்சம் வேகமா அடிக்கும், மாடிப்படி ஏறினா உடனே வேகம் கூடாது, மெதுவாத்தான் கூடும், ஏறி முடிச்சு உக்காந்த பிறகும் மெதுவாத்தான் குறையும்.

கே: ட்ரேயில ஜம்முனு இருந்த தக்காளி, மிளகா நாத்து நிலத்துல வச்ச மறுநாளே தலை தொங்கிருது. ஊர்ல ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க, நான் ஆடியிலதான் ஆரம்பிச்சேன். – தஞ்சாவூர்ல இருந்து வேலைக்கு வந்தவர், ஜோஹன்னஸ்பர்க்

தம்பி, ஆடி ஊருக்கு ஆடி. இங்க ஆடின்னா நடுக் குளிர்காலம், அதுவும் உங்க ஹைவெல்ட் மேட்டு நிலப் பக்கம் ஒரு சொட்டு மழை இருக்காது, காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும். அங்க தென்மேற்குப் பருவமழையை நம்பி வச்ச பழமொழி அது, பூமத்திய ரேகையைத் தாண்டி வந்து வேலை செய்யாது. உங்க பக்கம் ஆடிக் கடைசியில, அதாவது ஆகஸ்ட்ல, வீட்டுக்குள்ள ஜன்னல் ஓரமா ட்ரேயில விதைங்க, உறைபனி பயம் போன பிறகு அக்டோபர் நடுவுல வெளிய நடுங்க. டர்பன் கடலோரத்துல உறைபனியே கிடையாது, இங்க எங்களுக்குப் பிரச்சனை வேற, டிசம்பர் ஜனவரி புழுக்கத்துல தக்காளிக்கு வராத நோயில்ல, அதனால குளிர்காலத்துலதான் எங்க தக்காளி ஒழுங்கா வரும்.

தலை தொங்குறதுக்கு வருவோம். செடி தண்ணி குடிக்கிறது கண்ணுக்குத் தெரியிற வேர்ல இல்ல, அதுல இருக்கிற வேர்முடியில. ஒவ்வொரு வேர்முடியும் ஒரே ஒரு செல்லு, அவ்வளவு மெல்லிசு, நீங்க ட்ரேயில இருந்து இழுத்த இழுப்புல பாதி அறுந்திருக்கும். கீழ குடிக்கிறது பாதியாச்சு, மேல இலை மட்டும் பழைய மாதிரியே ஆவியா விட்டுட்டு இருக்கு, வரவு குறைஞ்சு செலவு குறையலைன்னா வீடு என்னாகுமோ அதேதான். புது வேர்முடி வர்ற வரைக்கும் அந்தச் செலவைக் குறைச்சுக் குடுக்கிறதுதான் உங்க வேலை.

நடுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ட்ரேயை வெளிய எடுத்து வைங்க, முதல் நாள் ஒரு மணி நேரம் நிழல்ல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயில்ல, காத்துல. ஜன்னல் ஓரமா வளந்த செடிக்கு இலைத்தோல் மெல்லிசா இருக்கும், திடீர்னு ஆப்பிரிக்க வெயிலைப் பாத்தா வெளுத்துப் போயிரும். நடுற அன்னைக்குக் காலையிலயே ட்ரேக்கு நல்லா தண்ணி விட்டுட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நடுங்க, மேகமூட்டமா இருந்தா இன்னும் விசேஷம். தண்டைப் பிடிச்சு இழுக்காதீங்க, கீழ இருந்து அமுக்கி மண்கட்டியோட வெளிய தள்ளுங்க, பிடிக்கணும்னா இலையைப் பிடிங்க, ஒரு இலை போனா வேற வரும், தண்டு நசுங்கினா செடி போச்சு. தக்காளியை மட்டும் கழுத்து வரைக்கும் ஆழமாப் புதைக்கலாம், புதைச்ச தண்டு பூரா வேர் விடும். மிளகா, கத்திரிக்கெல்லாம் ட்ரேயில எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம். நட்டதும் ஊத்துற தண்ணி தாகத்துக்கு மட்டும் இல்ல, மண்ணு வேரோட ஒட்டிக்கணும், நடுவுல காத்து இருந்தா வேர் காஞ்சுரும். மூணு நாலு நாளைக்கு நிழல் வலையோ பழைய வேட்டியோ கட்டி விடுங்க, யூரியா கீரியான்னு எதையும் போட்டுராதீங்க, பிழைக்கவே வழி தெரியாம நிக்கிற செடிக்கு விருந்து வைக்கக் கூடாது. கட்வார்ம் புழு ராத்திரியில வந்து தண்டைக் கத்திரிச்சுட்டுப் போகும், டாய்லெட் ரோல் அட்டையை வெட்டித் தண்டைச் சுத்தி ரெண்டு விரக்கடை மண்ணுக்குள்ள போற மாதிரி சொருகி வைங்க.

கேரட், முள்ளங்கி, பீன்ஸ், வெண்டைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், நேரா நிலத்துலயே விதைச்சிருங்க. கேரட்டைப் பறிச்சு நட்டா ரெண்டு கால் மூணு காலோட வரும், பாக்க சிரிப்பா இருக்கும், சாம்பாருக்கு நறுக்க முடியாது.

கே: எங்க ஆயா வச்ச கறிவேப்பிலை மரம் இருக்கு, சுத்தி குட்டி குட்டியா முளைக்குது, பறிச்சுத் தொட்டியில வச்சா எல்லாம் சாகுது. மக கேப் டவுன்ல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கா. – ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

குட்டி ரெண்டு வகை. பழம் விழுந்து முளைச்சது ஒண்ணு, தாய் மரத்து வேர்ல இருந்து கிளம்பினது ஒண்ணு. உங்களோடது பெரும்பாலும் ரெண்டாவதா இருக்கும், அதுக்குச் சொந்த வேரே இருக்காது, தாய்கிட்ட பால் குடிச்சுட்டு நிக்கும், பிடுங்கினா செத்துத்தான் போகும். குட்டிக்குப் பக்கத்துல, தாய் மரம் இருக்கிற பக்கமா, கூர்மையான கடப்பாரையோ மண்வெட்டியோ வச்சு நேராக் குத்தி அந்த வேரை மட்டும் அறுத்துட்டு அப்படியே விட்டுருங்க, எடுக்காதீங்க. ரெண்டு மாசம் தண்ணி ஊத்திட்டு இருங்க, வேற வழியில்லாம அது தன் வேரைத் தானே விடும். புதுத் துளிர் வந்த பிறகு செப்டம்பர், அக்டோபர்ல மண்கட்டியோட தோண்டி எடுத்துத் தொட்டியில வைங்க, இலையில பாதியைக் கிள்ளிருங்க (கிள்ளினது அன்னைக்கு ரசத்துக்கு ஆச்சு).

கேப் டவுன் பக்கம் மழை குளிர்காலத்துல, கறிவேப்பிலைக்கு அந்தக் குளிரும் ஈரமும் சேந்து வந்தா ஆகாது, தொட்டியிலயே வச்சு ஜூன் ஜூலையில சுவர் ஓரமா தள்ளி வைக்கச் சொல்லுங்க, தண்ணியைக் குறைக்கச் சொல்லுங்க. இலை கொட்டினா பயந்துட்டு எருவைக் கொட்ட வேண்டாம், வசந்தத்துல திரும்ப வரும்.

இதோட ஒரு வேண்டுகோள், ஊர்ல இருந்து வரும்போது சூட்கேஸ்ல கறிவேப்பிலைக் கன்னு ஒளிச்சுக் கொண்டு வர்றவங்க நிறைய பேரு இருக்காங்க, பர்மிட் இல்லாமச் செடி கொண்டு வர்றது தப்பு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லல, கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், எலுமிச்சை ஆரஞ்சுத் தோட்டத்தையே அழிக்கிற நோயைப் பரப்புற பூச்சி அந்த இலையில ஒட்டிட்டு வரும். நம்ம ஊர்லயே ஆயா மரம் நிக்கும்போது எதுக்கு அந்த வம்பு.

கே: உலகத்துலயே முதல் ட்ரான்ஸ்பிளான்ட் நம்ம பிள்ளையாருக்குத்தானே? – ஜி.எம்., மெரிபேங்க்

வருஷா வருஷம் சதுர்த்திக்கு முந்தின வாரம் இந்தக் கேள்வி தவறாம வந்துரும். ஆளு யாருங்கிறதைத் தலைதான் முடிவு பண்ணுதுன்னா, அது பிள்ளைக்குத் தலை மாத்தின கதை இல்ல, யானைக்கு உடம்பு கிடைச்ச கதை. போதாக்குறைக்கு டோனர்கிட்ட சம்மதமும் வாங்கல. இன்னைக்கு இந்த நாட்டுச் சட்டத்துல சிவபெருமானே உள்ள போயிருப்பாரு.

கே: முதல் இதய மாற்று ஆபரேஷனை நெசமாப் பண்ணினது ஒரு கறுப்பினத் தோட்டக்காரர்தான், பேரை வெள்ளைக்கார டாக்டர் தட்டிக்கிட்டாருன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா? – எஸ்.கே., டொங்காட்

பாதி உண்மை, மீதிப் பாதியை யாரோ சேத்துட்டாங்க. என்னைக் கேட்டா சேக்காத கதையே பெருசு.

1967 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை விடியக்காலை, கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரி. முந்தின நாள் சாயங்காலம் டெனீஸ் டார்வால்னு 25 வயசுப் பொண்ணு, கேக் வாங்கிட்டு அம்மாவோட ரோட்டைக் கடக்கும்போது கார் மோதுச்சு, அம்மா அங்கயே போயிட்டாங்க, பொண்ணுக்கு மூளை திரும்ப முடியாத அளவுக்கு அடிபட்டுருச்சு. ஒரே சாயங்காலத்துல பொண்டாட்டியையும் பொண்ணையும் பறிகுடுத்த அந்த அப்பா எட்வர்ட் டார்வால்கிட்ட போய்க் கேட்டாங்க, அவரு யோசிக்க எடுத்துக்கிட்டது சில நிமிஷம்தான், சம்மதிச்சாரு. இதயம் போனது லூயி வாஷ்கான்ஸ்கிங்கிற மளிகைக் கடைக்காரருக்கு. ஆபரேஷன் பண்ணினது கிறிஸ்டியான் பர்னார்டும் அவரோட டீமும். 18 நாள் இருந்தாரு வாஷ்கான்ஸ்கி. இதயம் கடைசி வரைக்கும் நல்லாத்தான் துடிச்சுது, அதை உடம்பு ஒதுக்கிராம இருக்கிறதுக்காகக் குடுத்த மருந்து எதிர்ப்பு சக்தியையே இறக்கிருச்சு, நிமோனியா வந்து இறந்தாரு.

அந்தப் பொண்ணோட ஒரு கிட்னி 10 வயசு கலர்ட் (கலப்பினம்னு அன்னைக்கு அரசாங்கம் பிரிச்சு வச்ச வகை) பையன் ஒருத்தனுக்குப் போச்சு. அடுத்த மாசமே, 1968 ஜனவரி 2, பல் டாக்டர் ஃபிலிப் ப்ளைபெர்க்குக்கு வச்சது கிளைவ் ஹாப்ட்னு ஒரு கலர்ட் இளைஞரோட இதயம், ப்ளைபெர்க் 19 மாசத்துக்கு மேல இருந்தாரு. அப்ப நிறவெறி ஆட்சி, அதே ஆஸ்பத்திரியில வெள்ளைக்காரங்களுக்கு ஒரு வார்டு மத்தவங்களுக்கு ஒரு வார்டு, பஸ் வேற, பீச் வேற, பெஞ்சு வேற. இதயத்துக்கு மட்டும் அந்த 'வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்' போர்டை மாட்ட முடியல.

இப்ப உங்க தோட்டக்காரர். ஹாமில்டன் நாக்கி, 1926ல ட்ரான்ஸ்கை பகுதியில ஒரு கிராமத்துல பிறந்தவரு, 14 வயசோட படிப்பு நின்னு போய் கேப் டவுனுக்கு வந்து யுனிவர்சிட்டியில தோட்ட வேலையில சேந்தாரு, டென்னிஸ் கோர்ட்டுக்கு ரோலர் போடுவாரு. 1954ல ராபர்ட் கோட்ஸ்ங்கிற டாக்டர் ஒரு ஒட்டகச்சிவிங்கியை வச்சு ஆராய்ச்சி பண்ணினாரு, பிடிச்சுக்க ஒரு பலசாலி வேணும்னு கேட்டாரு, நாக்கி போனாரு. போனவரு திரும்பி வரல. கூண்டு கழுவினாரு, மிருகத்துக்கு மயக்க மருந்து குடுக்கக் கத்துக்கிட்டாரு, ரத்தக் குழாய் தைக்கக் கத்துக்கிட்டாரு, கடைசியில பன்னியில ஈரல் மாத்துற ஆபரேஷனை அவரு செய்ய டிகிரி வாங்கின டாக்டருங்க நின்னு பாத்துக் கத்துக்கிட்டுப் போனாங்க. 1991ல ரிட்டையர் ஆனப்போ கையில குடுத்த பென்ஷன் தோட்டக்காரர் பென்ஷன். 2002ல நாட்டோட மாபுங்குப்வே விருது, 2003ல அதே யுனிவர்சிட்டியோட கௌரவ முதுகலைப் பட்டம், 2005ல இறந்துட்டாரு.

ஆனா அந்த டிசம்பர் ராத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல அவரு இல்ல. அவரு இறந்த சமயத்துல வெளிநாட்டுப் பெரிய பத்திரிகைங்களே அவருதான் டெனீஸோட இதயத்தை எடுத்தாருன்னு எழுதிட்டு அப்புறம் திருத்தம் போட்டாங்க, திருத்தத்தை யாரு ஃபார்வர்ட் பண்றா. நடக்காத ஒரு ராத்திரியை அவருக்கு மாலையாப் போட்டு, அவரு நெசமா உழைச்ச அத்தனை வருஷத்தையும் மறைக்கிறது அவருக்குச் செய்ற மரியாதையா எனக்குத் தெரியல. அந்த மெசேஜை அனுப்பினவங்களுக்கு இதைத் திருப்பி அனுப்புங்க.

கே: ஒட்டு மாங்கன்னுல அடிமரம் ஒரு ஜாதி, மேல வேற ஜாதி, சண்டை போடாம காய்க்குது. மனுஷ உடம்பு மட்டும் ஏன் ஒதுக்குது? – ர., ஸ்டாங்கர்

செடி எதோடயும் ஒட்டிக்கும்னு நினைக்காதீங்க. மா மேல மா ஒட்டும், தக்காளியைக் கத்திரி மேல கட்டினா ஒட்டும், ஏன்னா ரெண்டும் ஒரே குடும்பம். மா மேல பலாவைக் கட்டினா மூணு வாரத்துல குச்சி காஞ்சு கையோட வந்துரும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல பச்சையா ஒரு மெல்லிசு படலம் இருக்கும், அடிமரத்துப் படலமும் குச்சியோட படலமும் நேருக்கு நேரா தொட்டுச்சுன்னா ரெண்டும் செல் வளத்து சேந்துக்கும். சேந்த பிறகும் மேல இருக்கிறது மேல இருக்கிறதுதான், கீழ இருக்கிறது கீழதான், ஒட்டுக்குக் கீழ துளிர்க்கிற கிளையை வெட்டாம விட்டா நாட்டு மாங்காதான் காய்க்கும்.

நம்ம ரத்தத்துல வெள்ளை அணுங்க இருக்கே, அதுங்களுக்கு ரோந்துதான் வேலை, ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பாத்து நம்மாளா வெளியாளான்னு அடையாளம் கேக்கும், வெளியாள்னா அடிக்கும். செடிக்கு இந்த மாதிரி ஊர் சுத்துற போலீஸ் கிடையாது. 1954 டிசம்பர் 23ல பாஸ்டன்ல ஜோசஃப் மரே பண்ணின கிட்னி மாத்து ஏன் ஜெயிச்சுதுன்னா குடுத்தவரும் வாங்கினவரும் ஒரே மாதிரி ரெட்டைப் பிள்ளைங்க, அடையாளம் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே அடையாளம். மத்தவங்களுக்கு என்ன வழின்னு தேடினாங்க, மருந்து எங்க கிடைச்சுது தெரியுமா, மண்ணுல. சைக்ளோஸ்போரின் நார்வே மலை மண்ணுல இருந்த ஒரு பூஞ்சையில இருந்து வந்தது, 1980கள்ல அது புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்த ஆபரேஷனெல்லாம் தைரியமா நடக்க ஆரம்பிச்சுது. இப்ப அதிகமாக் குடுக்கிற டாக்ரோலிமஸ் ஜப்பான்ல ஸுகுபா பக்கத்து மண்ணுல இருந்த பாக்டீரியா, சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணு. மருந்தை நிறுத்தினா போலீஸ் முழிச்சுக்கும், அதனால ஆயுசு பூரா தினமும் அதே நேரத்துக்கு முழுங்கணும்.

கே: வீட்டுக்காரருக்குப் போன வருஷம் கிட்னி மாத்தினோம், அவரு தங்கச்சிதான் குடுத்தாங்க. நல்லா இருக்காரு. இப்ப தோட்டத்துக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம், மாமியார் மண்ணைத் தொடவே கூடாதுங்கிறாங்க. – பேர் வேண்டாம், உம்லாஸ் பக்கம்

முதல்ல அந்த நாத்தனாருக்கு என் கும்பிடு.

மாமியார் சொல்றதுல விஷயம் இருக்கு, ஆனா ஆயுசுக்கும் கூடாதுங்கிறது இல்ல. எந்த மண்ணு அவரு மருந்தைக் குடுத்துச்சோ அதே மண்ணுல பூஞ்சை விதை, பாக்டீரியா எல்லாம் இருக்கு. நமக்கு ஒண்ணும் செய்யாது, எதிர்ப்பு சக்தியை வேணும்னே இறக்கி வச்சிருக்கிற உடம்புல நுரையீரல் வரைக்கும் போயிரும். முக்கியமா மட்கின எரு, கம்போஸ்ட், கடையில வாங்குற பாட்டிங் மிக்ஸ் மூட்டை. மூட்டையைத் திறந்ததும் முகத்துக்கு நேரா ஒரு தூசி கிளம்புமே, ஆபத்து அதுல. புறா எச்சமும் அப்படித்தான். ஆபரேஷன் முடிஞ்ச முதல் மாசங்கள்ல மருந்து அளவு ரொம்பக் கூட இருக்கும், அப்ப தோட்டம் பக்கமே போகக் கூடாதுன்னுதான் சொல்வாங்க. ஒரு வருஷம் ஆயிருச்சுன்னா அடுத்த செக்கப்ல ட்ரான்ஸ்பிளான்ட் க்ளினிக்ல நேரடியாக் கேளுங்க, தோட்டத்துல என்னென்ன செய்வாருன்னு விவரமாச் சொல்லிக் கேளுங்க, 'கார்டனிங் பண்ணலாமா'ன்னு மொட்டையாக் கேட்டா மொட்டையாத்தான் பதில் வரும்.

அவங்க சரின்னா அப்புறம் இப்படி: எரு கிண்டுறது, மூட்டை பிரிக்கிறது, புல்லு வெட்டுறது, பழைய இலைக் குப்பையை அள்ளுறது இதெல்லாம் உங்க வேலை, இல்ல பசங்க வேலை. அவருக்கு விதை போடுறது, நாத்து நடுறது, பந்தல் கட்டுறது, காய் பறிக்கிறது. கையில கனமான கையுறை, வாயில மாஸ்க், கால்ல மூடின ஷூ, வெறுங்கால் கிடையாது. மண்ணை முதல்ல லேசா நனைச்சுட்டா தூசி எழும்பாது. வெயில்ல கிடந்த ஹோஸ் பைப்புல தேங்கின வெந்தண்ணியை முதல்ல தரையில விட்டுட்டுத்தான் தெளிக்கணும், அதுலயும் கிருமி வளரும். ரோஜா முள்ளு குத்தினாக் கூட 'அட விடு'ன்னு விடாம உடனே கழுவி மருந்து போடணும், சிவந்தா, காய்ச்சல் வந்தா அன்னைக்கே போன் பண்ணணும்.

யாரும் சொல்லாதது ஒண்ணு, வெயில். இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்குத் தோல் புற்று வர்ற வாய்ப்பு மத்தவங்களை விடப் பல மடங்கு ஜாஸ்தி. நம்ம நிறம் கொஞ்சம் காப்பாத்தும், முழுசாக் காப்பாத்தாது. அகலத் தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன், காலையில சீக்கிரம் இல்லைன்னா சாயங்காலம். தோட்டத்துல ஆரஞ்சு இருந்தா சாப்பிடட்டும், கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் வேண்டவே வேண்டாம், அது மருந்தோட அளவை ரத்தத்துல கன்னாபின்னான்னு ஏத்திவிடும். பக்கத்து வீட்டுக்காரங்க குடுக்கிற நாட்டு மருந்தும் டாக்டருக்குத் தெரியாம உள்ள போகக் கூடாது.

அவரு புதுக் கிட்னி எங்க இருக்குன்னு மாமியாருக்குத் தெரியுமா? முதுகுப் பக்கம் இல்ல, முன்னாடி அடிவயித்துல ஒரு ஓரமா, பழைய ரெண்டும் பெரும்பாலும் அங்கயேதான் இருக்கும், எடுக்க மாட்டாங்க. அதனால கனமானதைத் தூக்கும்போதும் மண்வெட்டிக் கைப்பிடி அடிவயித்துல இடிச்சுராமலும் பாத்துக்கச் சொல்லுங்க.

கே: கண்ணு தானம் குடுத்தா அடுத்த ஜென்மத்துல குருடாப் பிறப்போம்னு பெரியவங்க சொல்றாங்க. எனக்கு ஃபார்ம் நிரப்ப ஆசை, வீட்டுல பயப்படுறாங்க. – கல்லூரி மாணவி, வெஸ்ட்வில்

அப்படின்னா கண்ணப்ப நாயனார் இப்ப எங்கயோ தடவிட்டு அலையணும். ஒரு கண்ணைப் பிடுங்கி அப்பினாரு, ரெண்டாவதையும் பிடுங்கப் போனப்போ சாமியே கையைப் பிடிச்சுத் தடுத்துச்சு, அவரைத்தான் கோயில் பிரகாரத்துல அறுபத்து மூவர்ல ஒருத்தரா நிக்க வச்சுக் கும்பிடுறோம். பெரியவங்ககிட்ட இதைச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க. கண்ணுல இருந்து இன்னொருத்தருக்கு வைக்கிறதும் பெரும்பாலும் முன்னாடி இருக்கிற கண்ணாடி மாதிரி விழிப்படலத்தைத்தான், முகம் மாறாது, காரியத்துக்கு வர்ற யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டுல 2008ல ஹிதேந்திரன்னு 15 வயசுப் பையன், விபத்துல மூளைச்சாவு, அவனோட அப்பா அம்மா ரெண்டு பேரும் டாக்டர், உறுப்பெல்லாம் குடுத்தாங்க, சென்னையில போலீஸ் ரோட்டையே காலி பண்ணி இதயத்தை 11 நிமிஷத்துல கொண்டு போய்ச் சேத்துச்சு. அதுக்குப் பிறகுதான் அங்க மக்கள் மனசு திரும்புச்சுன்னு சொல்லலாம். 2023ல இருந்து உறுப்பு தானம் குடுத்தவங்களுக்கு அங்க அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு.

இங்க ஆர்கன் டோனர் ஃபவுண்டேஷன்ல பேரு குடுக்கிறது இலவசம். மூளைச்சாவைத் தனித்தனியா ரெண்டு டாக்டர் உறுதிப்படுத்தணும், ஒருத்தராவது குறைஞ்சது 5 வருஷம் அனுபவம் உள்ளவரா இருக்கணும், ரெண்டு பேருமே மாற்று ஆபரேஷன் டீம்ல இருக்கக் கூடாது, அதனால 'உறுப்புக்காகச் சாகடிச்சிருவாங்க'ங்கிற பயம் வேண்டாம். ஆனா நீங்க ஃபார்ம் நிரப்பினா மட்டும் போதாது, அந்த நேரத்துல கையெழுத்துப் போடப் போறது வீட்டு ஆளுங்கதான். அவங்களுக்குத் தெரியாம நிரப்புறது வீண். ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்டு எல்லாரும் சாஞ்சு உக்காந்திருக்கும்போது பேச்செடுங்க, சாவு வீட்டுல இருந்து வந்த அன்னைக்கு எடுக்காதீங்க.

கே: வீட்டை வித்துட்டு பாலிட்டோ பக்கம் போறோம். அப்பா வச்ச மாமரத்தை வேரோட பேத்துட்டுப் போக முடியுமா? – டி.பி., ரிசர்வாயர் ஹில்ஸ்

கிரேன் வச்சுப் பேத்து எடுக்கிற கம்பெனிங்க இருக்கு, ஆகுற செலவுல ஒரு சின்னத் தோப்பே போடலாம், அத்தனை வயசான மரம் பிழைக்கிறதும் சந்தேகம். அது போக, மரம் நிலத்தோட சேந்தது, விக்கிற பத்திரத்துல தனியா எழுதாம வீட்டை வித்துட்டீங்கன்னா மரமும் வாங்கினவங்களோடது.

குச்சியை எடுத்துட்டுப் போங்க. வெயில் ஏறுற செப்டம்பர் அக்டோபர்ல, பென்சில் கனத்துல, மூணு நாலு மாசம் முத்தின நுனிக் கிளையாப் பாத்து வச்சுக்கோங்க, வெட்டுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே அதுல இருக்கிற இலையை மட்டும் காம்பை விட்டுட்டுக் கத்திரிச்சிருங்க, நுனி மொட்டு தடிச்சு வரும், அந்த நேரத்துல வெட்டணும். ஈரத் துணி சுத்தி பிளாஸ்டிக் பையில போட்டு அன்னைக்கே இல்லைன்னா மறுநாளுக்குள்ள ஒட்டுக் கட்டிரணும். அடிமரத்துக்கு இப்பவே ஏதாவது நாட்டு மாங்கொட்டையைத் தொட்டியில முளைக்கப் போட்டு வைங்க, அதே பென்சில் கனம் வர்றதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். வீட்டைக் கை மாத்துற தேதியை அதுக்குத் தகுந்த மாதிரி இழுக்க முடியலைன்னா, வாங்கப் போறவங்ககிட்ட அடுத்த வருஷம் வந்து நாலு குச்சி வெட்டிக்கிறேன்னு இப்பவே சொல்லி வச்சிருங்க.